மூன்று மணி ராட்டினம்

ராட்டினப் பூங்காவுக்கு ஒரு தடவை போகிறவர்கள் ராட்டினத்தில் ஏறுவார்கள், ஐஸ்கிரீம் தின்பார்கள், குழந்தையைத் தொலைத்துத் தேடிப் பிடித்து இரண்டு போட்டு வீட்டுக்குக் கூட்டிப்போவார்கள். அடிக்கடி போகிறவர்களுக்குத்தான் அந்த இடத்தின் மற்ற உபயோகங்கள் தெரியும். படகுக் குளத்துக்குப் பின்னால் புதர் வேலியோரம் உட்கார்ந்தால் புளியோதரைப் பொட்டலத்தை யாருக்கும் பயப்படாமல் பிரிக்கலாம். கோணல் கண்ணாடி அறைக்கு வெளியே இருக்கும் குழாயில் மட்டும் மே மாதத்திலும் தண்ணீர் குளிர்ந்து வரும். எடை பார்க்கும் இயந்திரம் துப்புகிற அட்டையின் பின்பக்கம் ஜோசியம் இருக்கும். எனக்கு ஒவ்வொரு தடவையும் நல்ல செய்தி காத்திருப்பதாகவே வந்தது.

அங்கே பெண்ணும் பார்க்கலாம் என்பது என் தாய்மாமாவின் கண்டுபிடிப்பு. எண்பதுகளின் நடுவில், டெல்லியில் அப்படி ஒரு பூங்கா திறந்த புதிதில், இரண்டு கோடைகளில் எங்கள் குடும்பம் ஏழு தடவை அங்கே போனது. ஏழு தடவையும் பார்க்கப்பட்டவள் நான். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. இன்றைக்கும் எங்கேயாவது திருவிழாவில் ராட்டினம் நின்றால் அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பேன்.

மாமாவுக்கு இந்த யோசனை சும்மா வந்துவிடவில்லை. என்னை முதன்முதலாகப் பெண் பார்க்க வந்தது மோதி பாக்கில் எங்கள் அரசாங்கக் குவார்ட்டர்ஸில். கீழ்த்தளம், இரண்டு அறை, சுவருக்குச் சுவர் தமிழ்க் குடும்பங்கள். கேசரி கிண்டுகிற வாசனை மூன்றாவது பிளாக் வரைக்கும் போய்விட்டது. வந்தவர்கள் வேண்டாம் என்று சொன்ன மறுநாள், பால் வாங்கப் போன இடத்தில் நான்கு பேர் என்னிடம் ஆறுதல் சொன்னார்கள். அடுத்ததைக் கோவிலில் வைத்துக்கொண்டோம். டெல்லியில் இருக்கிற அத்தனை தமிழர்களும் ஞாயிற்றுக்கிழமை கோவிலில்தான் இருப்பார்கள் என்பதை அப்பா மறந்துவிட்டார். அந்த மாப்பிள்ளையும் வேண்டாம் என்றபோது புசா ரோட்டில் இருக்கிறவர்கள்கூடத் துக்கம் விசாரித்தார்கள்.

அப்போதுதான் மாமா ராட்டினப் பூங்காவைச் சொன்னார். மாமா அம்மாவுக்கு மூத்தவர், ஒரு அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர். எங்கள் வீட்டில் அவர் வாயிலிருந்து எது வந்தாலும் அது உத்தரவு. அப்பா அதே அமைச்சகத்தில் அவருக்கு இரண்டு படி கீழே வேலை பார்த்தார். வீட்டுக்கு வந்த பிறகும் அந்த இரண்டு படியை அவர் ஏறவே இல்லை. பூங்காவில் மே மாத வெயிலில் மூன்று மணிக்குத் தெரிந்தவர் எவரும் வரமாட்டார்கள் என்றார் மாமா. பெண் வீட்டார் ஒரு பக்கமாக வருவது, பிள்ளை வீட்டார் ஒரு பக்கமாக வருவது, தற்செயலாகச் சந்தித்துக்கொள்வது. பிடித்தால் சரி. பிடிக்காவிட்டால் ஒன்றுமே நடக்கவில்லை. பெண்ணுக்கு அவமானமும் இல்லை.

பெண்ணுக்கு அவமானம் இல்லை என்று அவர் சொன்னபோது என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. பெண் என்றால் பேயும் இரங்கும் என்பார்கள். மாமா பேய் இல்லை, செக்‌ஷன் ஆபீசர்.

பிள்ளை வீட்டாரும் தோதாகக் கிடைத்தார்கள். பள்ளிக்கூட விடுமுறையில், அரசாங்கம் ஊழியர்களுக்குக் கொடுக்கிற எல்.டி.சி. பயணச் சலுகையில், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வடக்கே சுற்றிப் பார்க்க ரயிலேறுவார்கள். டெல்லி, ஆக்ரா, ஹரித்வார். கல்யாண வயசில் பையன் இருந்தால் டெல்லியில் ஒரு பெண்ணும். செங்கோட்டையைப் பார்த்தது போலவே என்னையும் பார்த்தார்கள். செங்கோட்டையைப் பற்றி ஊருக்குப் போய்க் குறை சொல்லவில்லை, அதுதான் வித்தியாசம்.

மாமாவின் திட்டத்தில் இன்னொரு பாகம் இருந்தது. பையனும் பெண்ணும் தனியாக நாலு வார்த்தை பேசினால்தான் இந்தக் காலத்துக்குப் பொருந்தும் என்று அவர் நினைத்தார். ஆனால் தனியாக விடவும் கூடாது. அதற்கும் வழி கண்டுபிடித்திருந்தார். ராட்டினத்தில் ஒரு பெட்டியில் இரண்டு பேரையும் எதிரெதிரே உட்காரவைத்தால் ஊரே பார்க்கத் தனியாக இருப்பார்கள். மூன்று மணிக்குக் கூட்டம் இருக்காது. கூட்டம் இல்லாவிட்டால் ராட்டினக்காரர் பெட்டிகள் நிறையும் வரைக்கும் சுற்றமாட்டார். முதல் பெட்டியில் ஏறியவர்கள் மெல்ல மெல்ல உச்சிக்குப் போய், மற்ற பெட்டிகளுக்கு ஆள் வரும்வரை அங்கேயே நிற்பார்கள். இதை மாமா இரண்டு ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போய், கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு கண்டுபிடித்திருந்தார். ஆபீஸ் வேலையை இவ்வளவு அக்கறையாகச் செய்திருந்தால் நாடு எங்கேயோ போயிருக்கும்.

எனக்கு உயரம் என்றால் பயம். பயம் என்று சொன்னால் போதாது. தரை காலுக்குக் கீழே விலகினால் எனக்குக் கை நடுங்கும், மேலுதட்டில் வேர்க்கும், நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அது எனக்கே முதல் தடவை மேலே போனபோதுதான் முழுசாகத் தெரிந்தது. கீழ்த்தளத்திலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு எப்படித் தெரியும்? எங்கள் பிளாக் மொட்டைமாடிக்கு நான் போனாலும் நடுவிலேயே நின்றுவிட்டு வந்துவிடுவேன். அம்மா அதுவும் இல்லை. முட்டி வலி என்று சொல்லி, வற்றலைக்கூடப் பின்வாசலில் கட்டிலைப் போட்டுத்தான் காயவைப்பாள். மற்ற வீட்டுப் பெண்கள் வேட்டி வேட்டியாக மாடியில் விரித்து வைத்திருக்க, நாங்கள் மட்டும் கீழே உட்கார்ந்து காக்கா ஓட்டுவோம். சோம்பேறித்தனம் என்று நான் அவளை மனசுக்குள் திட்டியிருக்கிறேன்.

அந்த முதல் தடவை அப்பா தன் டெரிலின் சட்டையைப் போட்டுக்கொண்டு, படகுக் குளத்தருகே அவர்களைப் பார்த்ததும், அடடே, நீங்களா, எங்கே இப்படி என்று கேட்டார். அவர்களை அங்கே வரச்சொல்லிக் கடிதம் எழுதியதே அவர்தான். அப்பாவுக்கு நடிப்பு வராது. ஏழு தடவையும் அதே வசனத்தைத்தான் சொன்னார், ஏழு தடவையும் சீக்கிரமே சொல்லிவிட்டார். பிள்ளையின் அம்மா பிளாஸ்க்கும் ஆரஞ்சுப் பழமும் வைத்திருந்தார். பெரியவர்கள் வெயிலைப் பற்றிப் பேசினார்கள். பிறகு மாமா, சிறுசுகள் ராட்டினம் ஏறட்டுமே என்று, அப்போதுதான் தோன்றியதுபோல் சொன்னார்.

பெட்டியின் இருக்கை இரும்புத் தகடு. வழுக்காமல் இருக்க அதில் குண்டு குண்டாகப் புள்ளிகள் எழுப்பியிருப்பார்கள். மூன்று மணி வெயிலில் அது தோசைக்கல். பெட்டி உச்சிக்குப் போய் நின்று லேசாக ஆடியது. எதிரே இருந்தவர் என்னமோ கேட்டார். என் கை நடுங்குவதை அவர் பார்த்துவிடக்கூடாது என்று இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்தி, அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். யாரும் சொல்லித்தரவில்லை, தானாக வந்தது. கை சுட்டது. சுட்டாலும் எடுக்கவில்லை. எதிரே இருந்தவரின் சட்டைப் பித்தானையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் இன்னொரு தடவை கேட்டார். எனக்குப் பதில் தெரியும், வாய் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னேன். சமையலறையில் அவள் கோதுமை மாவை எடுத்துக்கொண்டிருந்தாள். எனக்கு மேலே போனால் நடுங்குகிறது, இனிமேல் அதில் ஏற்றவேண்டாம் என்று மாமாவிடம் சொல் என்றேன். அம்மா கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

“இத வெளிய சொல்லாத. வலிப்புன்னு பேரு கட்டிருவாவ. பொறவு ஒருத்தன் வாசல் மிதிக்க மாட்டான்.”

“எனக்கு வலிப்பு இல்ல. பயம்.”

“ரெண்டும் ஒண்ணுதான் அவங்களுக்கு. கொஞ்ச நேரந்தானட்டி, பல்லக் கடிச்சுக்கிட்டு இரு.”

அன்றைக்கு மாவை அவளே பிசைந்தாள். தினமும் அது என் வேலை. தோற்றுப்போன பிள்ளைக்குக் காட்டுகிற இரக்கம் என்று எடுத்துக்கொண்டு, அதற்கும் சேர்த்துக் கோபப்பட்டேன்.

இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. பெண் வாயே திறக்கவில்லை, டெல்லியில் வளர்ந்ததால் தமிழ் வராது போலிருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். நான் மோதி பாக் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். தமிழில் எனக்கு முதல் மார்க். பக்கத்து பிளாக் பிள்ளைகள் பையா பையா என்று இந்தியில் கத்தி விளையாடிக்கொண்டிருந்தபோது நான் யாப்பிலக்கணம் உருப்போட்டவள். அதையெல்லாம் அப்பா அந்த ஒரு கடிதத்தில் மறந்துவிட்டார். அடுத்த ஒரு மாதம், தினமும் சாயங்காலம், வாரப் பத்திரிகையை அவர் முன்னால் உரக்கப் படிக்கவேண்டும் என்று கட்டளை. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் சாம்பார்ப் பொடியோடு வாங்கி வருகிற பழைய இதழ்கள். நான் தொடர்கதையைப் படிப்பேன், அவர் கண்ணை மூடிக்கொண்டு உச்சரிப்புக்குத் தலையாட்டுவார். அந்தத் தலையில் பத்திரிகையைச் சுருட்டி ஒன்று வைக்கலாமா என்று இருக்கும்.

அடுத்தடுத்து வந்தவர்களும் அதே முதல் பெட்டி, அதே உச்சி. இரண்டாவது ஆள் தன் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது ஆள் வேர்க்கடலை தின்றார், எனக்கும் நீட்டினார். கையை வெளியே எடுத்தால் தெரிந்துவிடும் என்று தலையை ஆட்டி மறுத்தேன். கொடுத்ததை வாங்கக்கூட இல்லை, அவ்வளவு கர்வம் என்று எழுதினார்கள். நான்காவது ஆள் தூத்துக்குடி வெயிலில் கூலர் இல்லாமல் இருக்க முடியுமா என்று கேட்டார். ஐந்தாவது ஆள் ராட்டினத்தின் மோட்டார் எங்கே இருக்கிறது என்று எட்டிக் குனிந்து பார்த்துப் பெட்டியை ஆட்டினார். அவருக்கு நான் மனதார சாபம் கொடுத்தேன். ஆறாவது ஆள் அந்த உச்சியிலிருந்து தெரிகிற கட்டடங்களை ஒவ்வொன்றாகக் காட்டி இது என்ன, அது என்ன என்று கேட்டார். பிறந்து வளர்ந்த ஊரைச் சொல்லத் தெரியாத மக்குப் பெண் என்று அங்கிருந்து பதில் வந்தது. கண்ணைத் திறந்தால்தானே கட்டடம் தெரியும்?

கர்வம், ஊமை, மக்கு. மாமா வந்து உட்கார்ந்து இவற்றையெல்லாம் வாசித்துக்காட்டுவார். ராட்டினத்தில் ஏதாவது கோளாறு இருக்குமா என்று அந்த மூளைக்கு ஒரு தடவையும் தோன்றவில்லை. கோளாறு என்னிடம்தான் என்று முடிவாகிவிட்டது. நாலு வார்த்தை பேசத் தெரியாதவளை எங்கே தள்ளுவது என்று என் காதுபடவே கேட்டார். அப்பா தலையைக் குனிந்துகொண்டிருந்தார். அம்மா காப்பி கொண்டுவந்து வைத்தாள்.

ஒவ்வொரு தடவையும் கிளம்பும் முன்னால் நான் அம்மாவிடம் அதையே கேட்டேன். இதற்கு மேல் எனக்கு எந்த ஆசையும் இல்லை. கல்யாணம் நடக்கட்டும், நடக்காமல் போகட்டும், அந்தப் பெட்டியில் மட்டும் ஏறக்கூடாது. ஒவ்வொரு தடவையும் அவள் அதையே சொன்னாள். கொஞ்ச நேரந்தான். வெளியில் சொல்லாதே. ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்த சாயங்காலம் மாவை அவளே பிசைந்தாள். என் உள்ளங்கையில் இருக்கும் புள்ளித் தடங்களை நான் யாருக்கும் காட்டவில்லை. உப்புத் தண்ணீரோ மாவோ பட்டால் எரிந்திருக்கும்.

ஏழாவது தடவை வந்தவர்கள் நாகர்கோவில் பக்கம். பையன் வங்கியில் வேலை. அமைதியானவர், பார்த்தால் கெட்டவராகத் தெரியவில்லை. ஆனால் எனக்கு அப்போது யாரையும் நல்லவராகப் பார்க்கிற மனசு இல்லை. லூ என்கிற அனல் காற்று முகத்தில் மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. அப்பா, அடடே, நீங்களா என்றார். பிள்ளையின் அம்மா என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு ஆரஞ்சுச் சுளை கொடுத்தார். மாமா டிக்கெட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டத்தை எண்ணினார். கூட்டமே இல்லை. அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

“ஜல்தி, ஜல்தி,” என்றார் மாமா. “மொதப் பெட்டி காலியா இருக்கு பாருங்க.”

ராட்டினக்காரர் முதல் பெட்டியின் குறுக்குக் கம்பியைத் தூக்கிப் பிடித்தார். இரண்டு கோடையாக என்னை வேறு வேறு ஆண்களோடு ஏற்றிவிட்டவர் அவர். என்னைப் பார்த்ததும் அவர் சிரிக்கவில்லை. பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. என் மாமாவுக்கும் அப்பாவுக்கும் தெரியாத அவமானம் அவருக்குத் தெரிந்திருந்தது.

நான் காலை எடுத்து வைக்கவில்லை. பையனைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

“எனக்கு உயரம்னா பயம். நான் இதுல ஏற மாட்டேன்.”

இரண்டு கோடையாக வாயில் ஒட்டிக்கொண்டிருந்த நாக்கு தரையில் நன்றாகத்தான் வேலை செய்தது. பையன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவருடைய அம்மா முன்னால் வந்துவிட்டார்.

“பயம்னா? மயக்கம் கியக்கம் வருமோ பிள்ளைக்கு?”

மாமா சிரித்து, விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்றார். அப்பா என் முழங்கையைப் பிடித்து, பல்லுக்கிடையில், ஏறு என்றார். நான் கையை உதறினேன். ராட்டினக்காரர் கம்பியைப் பிடித்தபடியே நின்றார். பிள்ளையின் அம்மா கேட்ட கேள்வி அப்படியே நடுவில் நின்றது. வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு அம்மா பயந்தது இதைத்தான்.

அப்போது அம்மா புளியோதரைக் கூடையை என் கையில் திணித்தாள்.

“அவளுக்குக் காலையில இருந்தே தலவலி. வெயிலு வேற. வாங்க தம்பி, நான் வாரேன். மேல இருந்து ஊரப் பாக்கணும்னு எனக்கும் ரொம்ப நாளா ஆசை.”

யாரும் எதுவும் சொல்வதற்குள் புடவைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்துவிட்டாள். பெரியவர் கூப்பிட்டு மறுக்க முடியாமல் பையனும் ஏறினார். கம்பி விழுந்தது. பெட்டி ஒரு படி மேலே போய் நின்றது. இன்னும் ஒரு படி. அடுத்த பெட்டியில் ஒரு சர்தார்ஜி குடும்பம் ஏறியது. பிறகு கொஞ்ச நேரம் யாரும் இல்லை. பிறகு இரண்டு காலேஜ் பையன்கள் வந்தார்கள். மாமா கண்டுபிடித்த கணக்கு கொஞ்சமும் பிசகவில்லை. முதல் பெட்டி உச்சிக்குப் போய் நின்றது.

எனக்குள் முதலில் எழுந்தது என்ன என்பதை மறைக்காமல் சொல்கிறேன். சந்தோஷம். நல்லா இருந்து பார், கொஞ்ச நேரந்தானே, பல்லைக் கடித்துக்கொள் என்று கீழே நின்று கருவிக்கொண்டே அண்ணாந்து பார்த்தேன். வெயில் கண்ணில் அடித்தது. கூடையைத் தலைக்கு மேல் பிடித்து நிழல் பண்ணிக்கொண்டு பார்த்தேன்.

பெட்டியின் பக்கவாட்டில் கம்பிகள்தான், உள்ளே இருப்பது தெரியும். பையன் எதிரே குனிந்து என்னமோ கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா பேசவில்லை. முகம் நேரே இருந்தது. தோள் இரண்டும் காதுவரை ஏறியிருந்தன. கை எங்கே என்று தேடினேன். மடியில் இல்லை, கம்பியில் இல்லை. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் கொடுத்து, அதன்மேல் உட்கார்ந்திருந்தாள்.

கூடை என் கையிலிருந்து நழுவியது. புளியோதரை மண்ணில் கொட்டியதற்கு அப்பா என்னைத் திட்டினார். நான் ராட்டினக்காரரிடம் ஓடி, பையா, அம்மாவை இறக்குங்கள், இறக்குங்கள் என்று இந்தியில் கத்தினேன். அவர் உடனே சுற்றினார். ஆனால் ராட்டினம் பின்னால் வராது. உச்சியில் இருப்பவர் மீதிச் சுற்றையும் முடித்து மறுபக்கமாகத்தான் இறங்கவேண்டும். அந்த நேரம் முழுக்க அம்மாவின் கை வெளியே வரவில்லை.

இறங்கியவள் இரண்டு எட்டு வைத்தாள். மூன்றாவது எட்டில் கால் மடிந்து, வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். மேலுதடு முழுக்க வேர்வை. அந்தப் பையன்தான் ஓடிப்போய்க் கோணல் கண்ணாடி அறைக் குழாயிலிருந்து தண்ணீர் பிடித்து வந்தார். அவருடைய அம்மா பக்கத்தில்கூட வரவில்லை.

“பாத்தீயளா,” என்றார் தன் கணவரிடம், எங்களுக்கும் கேட்கும்படி. “குடும்பத்துக்கே இருக்கு.”

பிறகு வந்த கடிதத்திலும் அதுதான் இருந்தது, கொஞ்சம் மரியாதையான சொற்களில். தாய்க்கும் மகளுக்கும் ஒரே வியாதி. அவர்கள் அதை அந்தக் கடிதத்தோடு விட்டுவிடவில்லை, எல்.டி.சி.யில் வந்த அடுத்த குடும்பத்துக்கு அந்தச் செய்தி எங்களுக்கு முன்னாலேயே தெரிந்திருந்தது. அம்மா எதைக் கதவுக்குப் பின்னால் வைத்துக் காப்பாற்றினாளோ அது திருநெல்வேலி ஜில்லா முழுக்கப் போய்ச் சேர்ந்தது, அவள் பெயரிலேயே.

ஆனால் அன்று சாயங்காலம் அதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து அம்மா மாவுப் பாத்திரத்தை எடுத்தாள். தண்ணீர் ஊற்றிக் கையை வைத்தவள் ஸ் என்று எடுத்துவிட்டாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பினேன். உள்ளங்கை சிவந்து, நடுவில் குண்டு குண்டாகப் புள்ளிகள், வரிசை வரிசையாக. என் கையில் ஆறு தடவை இருந்தவை.

பாத்திரத்தைப் பிடுங்கிக்கொண்டு நான் பிசைந்தேன். மாவு திரண்ட பிறகுதான் கேட்டேன்.

“ஒனக்கு எப்ப இருந்து?”

“சின்னதுல இருந்தே. முட்டிவலின்னு சொல்லி ஓட்டிட்டேன். ஒங்கப்பாவுக்கே தெரியாது.”

“நான் கைய அடியில வச்சுக்கிட்டது ஒனக்குத் தெரியுமா?”

“மொத தடவையே பாத்தேன். கீழ நின்னு பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்.”

“பாத்தும் ஏத்துன.”

“ஏத்துனேன்,” என்றாள்.

அதற்கு மேல் ஒரு சமாதானம் சொல்வாள் என்று காத்திருந்தேன். உன் நல்லதுக்குத்தான் என்று சொல்லியிருந்தால் மாவோடு பாத்திரத்தைத் தூக்கி எறிந்திருப்பேன். அவள் சொல்லவில்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். என்ன மாதிரியான மனுஷி இவள் என்று நினைத்தேன். தெரியாமல் ஏற்றிய மாமாவையும் அப்பாவையும் ஒரு விதத்தில் விட்டுவிடலாம். அவர்களுக்கு மூளை அவ்வளவுதான். இவள் ஒவ்வொரு தடவையும் என் கை எங்கே இருக்கிறது என்று தெரிந்து, அது எப்படிச் சுடும் என்று தெரிந்து, கூடையைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து நின்றிருக்கிறாள். வீட்டுக்கு வந்து மாவு பிசைந்திருக்கிறாள்.

முன்னறையில் மாமாவின் குரல் உயர்ந்தது. இது போனால் போகட்டும், அடுத்த மாதம் கோவில்பட்டியிலிருந்து ஒரு குடும்பம் வருகிறது, அதே இடம், அதே மூன்று மணி, இந்தத் தடவையாவது பெண்ணை ஒழுங்காக ஏறச்சொல்லுங்கள் என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா, அச்சா அத்தான், அச்சா என்றார். அம்மா சமையலறை வாசலுக்குப் போனாள். அவள் அண்ணன் முன்னால் அவள் குரலை நான் அதுவரை கேட்டதில்லை.

“பாக்கணும்னு வாரவங்க தரையில வச்சுப் பாக்கட்டும், அண்ணே. எம்பிள்ள இனி அதுல ஏற மாட்டா.”

அம்மா திரும்பி வந்து, அலமாரியிலிருந்து தேங்காயெண்ணெயை எடுத்து என் முன்னால் வைத்துவிட்டு, இரண்டு கையையும் விரித்து நீட்டினாள். நான் மாவுக் கையைக் கழுவித் துடைத்தேன். எண்ணெயை ஊற்றி அந்தப் புள்ளிகள்மேல் தேய்த்தேன். மெதுவாகத் தேய்க்கவில்லை. அவளும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.